பஞ்சு நூலாகும் விதம்: நம் மண்ணில் சொல் சேர்த்தவர்களின் வரலாறு

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கல்லூரிக்கும் வேலைக்கும் முயலும் இளைஞர் பலரின் கைகளில் ஒரு வகைப் புத்தகத்தைக் காண்கிறோம். உயர்நிலை ஆங்கிலச் சொற்களை ஆயிரக்கணக்கில் அகரவரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பொருள் தரும் புத்தகம் அது. நாளொன்றுக்கு இருபது சொல், முப்பது சொல் எனக் கணக்கு வைத்து அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். சில மாதங்கள் சென்றபின் பெரும்பாலானவை நினைவை விட்டு அகன்றுவிடுகின்றன. எஞ்சி நிற்கும் சிலவும் பேச்சிலோ எழுத்திலோ வந்து அமர மறுக்கின்றன. "எனக்கு ஆங்கிலம் வராது, சாமி" என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆலைத் தொழிலாளியின் மகனும் நெசவாளியின் மகளும் தம் அறிவின் மீதே ஐயம் கொள்ளும் இந்த முடிவு மிகவும் வருந்தத்தக்கது.

குறை அவர்களுடைய அறிவில் இல்லை என்பதை வரலாறு காட்டும். அயல்மொழிச் சொற்களைச் சேர்த்துத் தமதாக்கிக் கொள்ளும் கலை நம் மண்ணுக்குப் புதியதன்று. தமிழைக் கற்க வந்த அயலாரும், ஆங்கிலத்தைக் கற்ற தமிழரும் இங்கே நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கலையில் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் எவ்வாறு சொல் சேர்த்தார்கள், எதற்காகச் சேர்த்தார்கள் என்னும் இரு கேள்விகளோடு அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பஞ்சும் கதிரும்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த இலக்கண நூல். அதன் பாயிரத்தில் ஓர் அழகிய உவமை உண்டு. சொற்கள் பஞ்சு, அவற்றால் ஆகும் செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவனது வாய் அவளது கை, அவனது மதியே கதிர். இவ்வாறு ஒரு நூல் உருவாகும் என்கிறார் பவணந்தியார். எழுதப்பட்ட நூலுக்கும் நூற்கப்பட்ட நூலுக்கும் ஒரே பெயர் வைத்த மொழி நம் மொழி.

இந்த உவமையை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை. கரிசல் நிலத்துப் பருத்தியும், 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய ஆலை முதலான இராசபாளையத்து நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி நெசவும், திருவில்லிபுத்தூர்க் கைத்தறியும் நாம் அன்றாடம் காண்பவை. பொதி பொதியாகப் பஞ்சை வாங்கி அறையில் அடைத்து வைத்தவன் ஆடை உடுத்தவன் ஆகமாட்டான். பஞ்சைச் சுத்தம் செய்து, சிக்கெடுத்து, இழையாக நீட்டி, முறுக்கேற்றி, பிற இழைகளோடு ஊடும் பாவுமாகச் சேர்த்தால்தான் அது துணியாகும். சொற்பட்டியல் அடைத்து வைத்த பஞ்சு போன்றது.

இலத்தீன் மொழியும் இதையே சொல்கிறது. குருமடத்தில் இலத்தீன் படித்தோர் 'டெக்செரே' என்னும் வினைச்சொல்லை அறிவர். நெய்தல் என்பது அதன் பொருள். அதிலிருந்து பிறந்தவையே ஆங்கிலத்தில் வழங்கும் டெக்ஸ்ட், டெக்ஸ்டைல், டெக்ஸ்சர், கான்டெக்ஸ்ட் ஆகிய நான்கும். எழுதிய வாசகம், நெய்த துணி, துணியின் தன்மை, ஒரு சொல்லைச் சூழ்ந்து நின்று அதற்குப் பொருள் தரும் பிற சொற்களின் பின்னல் என இவை பொருள்படும். வேர் ஒன்றை அறிந்தவனுக்கு நான்கு சொற்களும் உறவினராகிவிடுகின்றன. உறவினரின் பெயரை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

நிகண்டு கற்ற திண்ணைகள்

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே தமிழர் சொல் சேர்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தனர். திவாகரம், பிங்கலம், மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு ஆகியவை அம்முறையின் சான்றுகள். அவை அகரவரிசையில் அமையவில்லை. தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி, மரப்பெயர் ஒரு தொகுதி எனப் பொருள்வழியே அமைந்தவை. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவதற்குத் தனித் தொகுதியும், பல பொருள்கள் கூடி ஒரு பெயர் பெறுவதைச் சொல்வதற்கு மற்றொரு தொகுதியும் அவற்றில் உண்டு. செய்யுளாக இருந்தமையால் ஓசை நினைவைத் தாங்கியது.

திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் நிகண்டை மனப்பாடம் செய்தனர். ஆகவே மனப்பாடத்தை இகழ நமக்கு உரிமையில்லை. திருவில்லிபுத்தூரில் மார்கழி விடியலில் ஆண்டாளின் முப்பது பாசுரங்களைச் சொல்லும் பிள்ளைகள், இன்று வழக்கில் இல்லாத எத்தனையோ சொற்களைத் தம்மை அறியாமலே காத்து வருகிறார்கள். ஆனால் அங்கே மனத்தில் பதிவது தனிச்சொல் அன்று. பாட்டு பதிகிறது, பாட்டுக்குள் சொல் இருக்கிறது. நிகண்டிலும் ஒரு சொல் தன் இனத்தோடுதான் வந்தது. தொடர்பற்ற ஆயிரம் சொற்களை வரிசையாகத் தலையில் ஏற்றும் வழக்கம் நம் முன்னோருடையதன்று.

மாணவராக வந்த குருக்கள்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியாதவர். விசுவாசப் பிரமாணத்தையும் பிற செபங்களையும் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடமாகவே சொல்லிக் கொடுத்தார். பின்னர் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய மடல் ஒன்றில், விசுவாசப் பிரமாணத்தில் ஒரு சொல்லைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறார். 'நான் விசுவசிக்கிறேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வேணும்' என்று பொருள்படும் சொல் வழங்கி வந்தது. ஒரு சொல்லின் வேறுபாட்டால் அறிக்கை விண்ணப்பமாகிவிட்டது. மனப்பாடம் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும், எங்கே கைவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவருக்குப் பின் வந்த இயேசு சபைத் துறவி அன்றீக் அன்றீக்கசு பாதிரியார் வேறு வழியை மேற்கொண்டார். மீனவ மக்களிடையே புன்னைக்காயலில் வாழ்ந்து, அவர்களிடமே மொழியைக் கற்றார். மொழியின் இயல்பை ஆராய்ந்து போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். கொல்லத்தில் 1578 அக்டோபர் 20ஆம் நாள் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவரது உழைப்பின் கனி. இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல் அதுவே.

அடுத்த நூற்றாண்டில் அந்தம் தெ புரொயென்சா என்னும் மதுரை மறைத்தளத் துறவி தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். 16,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்நூல் கேரளத்து அம்பலக்காட்டில் 1679இல் அச்சாயிற்று. தொகுத்தவரோ 1666இலேயே இறந்துவிட்டார். தம் அகராதியின் ஓர் அச்சுப் பக்கத்தையும் அவர் கண்டதில்லை. பின்னால் வருவோர் தாம் பட்ட துன்பம் படாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் உழைத்தார். சொல் சேர்ப்பது பிறருக்காகவும் செய்யப்படும் பணி என்பதை அவரிடம் கற்கிறோம்.

நம் பகுதிக்கு நெருங்கியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி பாதிரியார், கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் தம் தொடக்கக் காலப் பணியை ஆற்றினார். இதே கரிசல் மண்ணின் பேச்சு அவரது காதில் ஒலித்தது. அவர் 1732இல் இயற்றிய 'சதுரகராதி' நான்கு பகுதிகள் கொண்டது. பெயர் அகராதி சொல்லுக்குப் பொருள் தரும். பொருள் அகராதி ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களைத் தரும். தொகை அகராதி தொகையாக வழங்குவனவற்றை விரித்துக் கூறும். தொடை அகராதி ஓசையால் ஒத்த சொற்களைத் தொகுக்கும். அகரவரிசையில் சொற்களை அமைக்கும் முயற்சி 1594இல் சிதம்பர இரேவண சித்தரின் அகராதி நிகண்டிலேயே தொடங்கிவிட்டது. அதனை முழுமையாக்கியவர் முனிவர். நிகண்டின் பொருள்முறையைக் கைவிடாமல் ஐரோப்பிய அகரவரிசையோடு அதை இணைத்தது அவரது அறிவுநுட்பம்.

அந்நான்கு பகுதிகளையும் இன்று ஆங்கிலம் கற்கும் மாணவருக்குரிய பாடத்திட்டமாகவே கொள்ளலாம். இந்தச் சொல்லின் பொருள் என்ன? இதே பொருளுடைய வேறு சொற்கள் எவை, அவற்றுள் வேறுபாடு என்ன? இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது? எதனோடு ஒலியில் ஒத்து, பொருளில் வேறுபடுகிறது? இந்நான்கையும் கேட்ட பிறகு ஒரு சொல்லை மறப்பது எளிதன்று.

தமிழும் ஆங்கிலமும் சந்தித்த ஏடுகள்

புதுச்சேரியை ஆங்கிலேயர் 1761இல் கைப்பற்றியபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சுப்பொறி, சென்னை வேப்பேரியில் லுத்தரன் மறைப்பணியாளர் பப்ரிசியுசிடம் வந்து சேர்ந்தது. போரின் கொள்ளைப் பொருளாக வந்த பொறி அகராதி அச்சிடும் பொறியாயிற்று. பப்ரிசியுசும் பிரைட்டாப்டும் 9,000 சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1779இல் வெளியிட்டனர். ஆங்கிலம்–தமிழ்ப் பகுதி 1786இல் வந்தது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் காண விரும்பியவனுக்கு ஒரு வாயில் திறந்தது.

அதன்பின் ராட்லரின் அகராதி 1834 முதல் 1841 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. அமெரிக்க மறைப்பணியாளர் வின்சுலோ 1862இல் 67,452 சொற்கள் கொண்ட பேரகராதியைத் தந்தார். யாழ்ப்பாணத்தில் நைட், ஸ்பால்டிங் முதலியோர் தொடங்கிய பணியின் நிறைவு அது. இராமாநுசக் கவிராயர் போன்ற தமிழறிஞர்கள் அதற்குத் துணைநின்றனர். முகப்பு ஏட்டில் அயலார் பெயர் இருந்தாலும், உள்ளே ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு தமிழ்ப் பண்டிதரின் விளக்கம் இருக்கிறது.

இந்த வரிசையின் சிகரம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. அதன் பணி 1913இல் சாண்ட்லர் பாதிரியாரின் தலைமையில் நம் மதுரையில்தான் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னைக்குப் பெயர்ந்தது. வையாபுரிப் பிள்ளையின் பதிப்பாசிரியப் பொறுப்பில் 1936இல் ஆறு தொகுதிகள் நிறைவுற்றன. 1939இல் வெளிவந்த பின்னிணைப்பையும் சேர்த்தால் 1,17,762 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் உண்டு. பின்னர் 1963 முதல் 1965 வரை அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அதே பல்கலைக்கழகம் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது. தமிழ் வழியே ஆங்கிலத்தை அடைய விரும்புவோருக்குப் பாதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வாயிலும் மதிலும்

வாயிலாக இருந்த மொழி மதிலாகவும் ஆயிற்று. மெக்காலேயின் குறிப்பு 1835 பிப்ரவரியில் எழுதப்பட்டது. ஆங்கிலக் கல்விக்கே அரசு நிதி என அடுத்த மாதம் முடிவாயிற்று. ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கே அரசுப் பணியில் முன்னுரிமை என 1844இல் ஹார்டிஞ்சு பிரபு அறிவித்தார். நம் இயேசு சபையினர் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அது 1883இல் திருச்சிக்குப் பெயர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதுமுதல் ஆங்கிலச் சொல்வளம் அறிவின் அளவுகோலாகக் கருதப்பட்டது. அது சம்பளத்தின் அளவுகோலாகவும் இருந்தமையால் அந்தத் தவறான கருத்து இன்றளவும் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஆங்கிலச் சொல்வளத்தை நிறையப் பெற்ற ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர் அதைக்கொண்டு என்ன செய்தார் என்பது எண்ணத்தக்கது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1826இல் பிறந்தவர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, பின்னர் முன்சீப் ஆனவர். ஆங்கிலத்தில் இருந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தார். தன் வழக்கில் என்ன தீர்ப்பு என்பதை ஏழை உழவனும் தன் மொழியில் அறிய வேண்டும் என்பது அவரது கருத்து. அவர் 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். ஆங்கிலத்தில் அவர் சேர்த்த செல்வம் தமிழுக்கு வட்டியோடு வந்து சேர்ந்தது.

ஆங்கிலேயருக்கும் அரிதான ஆங்கிலம்

உயர்நிலை ஆங்கிலம் ஆங்கிலேயருக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. 1066இல் நார்மன் படை இங்கிலாந்தை வென்றபின், அங்கே அரசவையில் பிரெஞ்சு, திருச்சபையில் இலத்தீன், வயலில் பழைய ஆங்கிலம் என மூன்று அடுக்குகள் அமைந்தன. தொழுவத்தில் ஆக்ஸ் என்ற பெயரோடு நின்ற மாடு, பிரபுவின் மேசைக்கு வந்தபோது பீஃப் என்று பெயர் மாறிற்று. கேட்பது என்னும் ஒரு செயலுக்கே ஆஸ்க், கொஸ்டின், இன்டராகேட் என மூன்று சொற்கள் உள்ளன. முதலாவது வயலிலிருந்தும், இரண்டாவது அரசவையிலிருந்தும், மூன்றாவது இலத்தீன் ஏடுகளிலிருந்தும் வந்தவை. தாய் பிள்ளையிடம் கேட்பது ஆஸ்க். காவலர் கைதியிடம் கேட்பது இன்டராகேட். உயர்நிலைச் சொல் என்று நாம் அஞ்சுவதில் பெரும்பகுதி இந்த மேலடுக்கே.

அந்த மேலடுக்கு ஆங்கிலேயருக்கே விளங்காத காரணத்தால்தான் அவர்களது முதல் ஒருமொழி அகராதி பிறந்தது. ராபர்ட் காட்ரி 1604இல் வெளியிட்ட அச்சிறு நூலில் இருந்தவை ஏறத்தாழ 2,500 கடினச் சொற்கள் மட்டுமே. இலத்தீன் கல்லாத பெண்களுக்கும் பிறருக்கும் உதவுவதே அதன் நோக்கம். நம் இளைஞன் கையில் வைத்திருக்கும் சொற்பட்டியலின் மூதாதை அது.

நாமும் இத்தகைய அடுக்குகளை அறிந்தவர்களே. 'சர்வேசுரன்', 'அர்ச்சிஷ்டவர்', 'பூசை', 'ஞானஸ்நானம்' என்று செபித்த நம் பாட்டன்மார்களின் பிள்ளைகள், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் 'இறைவன்', 'புனிதர்', 'திருப்பலி', 'திருமுழுக்கு' என்று செபிக்கக் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்து அவர்கள் அச்சொற்களைக் கற்கவில்லை. ஞாயிறுதோறும் வழிபாட்டில் கேட்டார்கள், சொன்னார்கள், பாடினார்கள். சொற்கள் நாவில் தங்கின. அச்சங்கத்துக்கு முன்போ இலத்தீன் பதிலுரைகளை ஆண்டாண்டாகப் பிழையின்றிச் சொல்லி வந்தோம். பொருள் அறிந்தோர் சிலரே. பயன்பாட்டில் வந்த சொல் நிலைத்தது. பொருள் அறியாது சொன்னது காலத்தோடு சென்றது.

நாம் கொடுத்த ஒரு சொல்

ஆங்கில அகராதியில் தமிழ்ச் சொற்களும் வீற்றிருக்கின்றன. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், பந்தல், வெட்டிவேர், அணைக்கட்டு ஆகியவை சற்றே உருமாறி அங்கே வாழ்கின்றன. யூல், பர்னல் ஆகிய இருவர் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி இத்தகைய இந்தியச் சொற்களின் பெருந்தொகுப்பு. இதைச் சொல்லி நாம் பெருமை கொள்வது வழக்கம்.

ஆனால் அதே அகராதியில் 'பரையா' என்னும் சொல்லும் இருக்கிறது. சமுதாயம் ஒதுக்கித் தள்ளிய மனிதன் என்று ஆங்கிலம் அதற்குப் பொருள் தருகிறது. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய ஒரு மக்கட் பிரிவின் பெயர் அது. அந்தச் சொல்லையும் அந்தப் பொருளையும் ஆங்கிலேயர் தாமாகப் புனையவில்லை. நம் தெருக்களில் கண்டதை எழுதிக்கொண்டார்கள். நம் அரசியல் சட்டம் தீண்டாமையை 1950இல் ஒழித்தது. ஆங்கில நாளேடுகளிலோ அச்சொல் இன்றும் தயக்கமின்றி வழங்குகிறது. உயர்நிலைச் சொற்பட்டியலைப் புரட்டும் நம் பங்கு இளைஞன் ஒருவன், தன் மக்களின் பெயரை இழிசொல்லாக அங்கே சந்திக்க நேர்கிறது. அவனுக்கு என்ன விடை சொல்வோம்? சொல்லின் பொருளை அறிவது மட்டும் கல்வி ஆகாது. அச்சொல் எவர் முதுகில் ஏறி வந்தது என்பதையும் அறிய வேண்டும் என்று சொல்வோம். பிரிவினைச் சுவர்கள் நம் ஆலயங்களுக்குள்ளும் இருந்தன என்பதையும் அவனிடம் மறைக்கக் கூடாது.

எத்தனை சொற்கள் வேண்டும்?

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கில நூல்களைப் படிக்க இயலாது தவிப்பதைக் கண்டு, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்பிக்கும் முறையை ஆராய்ந்தார். அவரது பெயரால் 1953இல் வெளியான பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்குடும்பங்கள் உள்ளன. சாதாரண ஆங்கில உரைநடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அவற்றுள் அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் அவெரில் காக்ஸ்ஹெட் என்னும் ஆய்வாளர், கல்வித்துறை நூல்களில் மிகுதியாக வரும் 570 சொற்குடும்பங்களைத் தனியே தொகுத்தார். அத்தகைய நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அவை. ஆக, கல்லூரி நூல்களின் பெரும்பகுதியை விளங்கிக்கொள்ள, இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் சொற்குடும்பங்கள் நல்ல அடித்தளம் ஆகும். எவரும் பேசாத பகட்டுச் சொற்களை முதலில் தேடுவது, வேட்டி இல்லாதவன் சரிகை அங்கவஸ்திரம் தேடுவதற்கு ஒப்பாகும்.

மேலும், நம் மக்கள் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. 'ஆங்கிலம் தெரியாது' என்று சொல்லும் நூற்பாலைத் தொழிலாளியின் பேச்சில் ஷிப்டு, கார்டிங், ஸ்பிண்டில், பாபின், கோன் ஆகிய சொற்கள் சரளமாக வருகின்றன. அவர் அவற்றைப் பட்டியலில் கற்கவில்லை, கையால் கற்றார். பஞ்சைச் சீவும் பணிக்குரிய கார்டிங் என்னும் சொல், முட்செடி ஒன்றின் இலத்தீன் பெயரோடு தொடர்புடையது என்பர். முட்செடியின் தலையால் கம்பளி சீவிய காலத்தின் நினைவு அதில் உறைந்திருக்கிறது. இதைத் தந்தையும் மகனும் சேர்ந்து பேசினால், ஆலையும் அகராதியும் ஒரே வீட்டில் சந்திக்கும்.

இராசபாளையத்தில் எத்தனையோ இல்லங்களில் வீட்டுமொழி தெலுங்கு, வீதிமொழி தமிழ். இரண்டு மொழிகளில் தடையின்றி நடமாடும் மக்களுக்கு மூன்றாவது மொழி எட்டாக்கனி என்பது பொருந்தாக் கூற்று. இடைசெவல் கி. ராஜநாராயணன் அவர்களை எண்ணிப் பாருங்கள். 1923இல் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வீட்டில் தெலுங்கு பேசியவர். அவரே கரிசல் மக்களின் வாய்ச்சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தந்தார். பட்டம் இல்லாதவர் அகராதி செய்தார். கேட்கும் காதும் எழுதும் பொறுமையும் அவரிடம் இருந்தன.

அயல்மொழியில் ஊறியவர் தாய்மொழிக்குத் திரும்பிய வரலாறும் உண்டு. 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் பிறந்த தனிநாயகம் அடிகளார் ஆங்கில வழியில் கற்றவர்; உரோமையில் குருப்பட்டம் பெற்றவர். 1940களில் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் ஒரு பண்டிதரிடம் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் 'தமிழ்க் கலாசாரம்' எனப் பொருள்படும் ஆங்கிலக் காலாண்டிதழை 1952இல் தொடங்கி, தமிழின் சிறப்பை உலகுக்கு ஆங்கிலத்தில் உரைத்தார். புரொயென்சாவின் அகராதிப் படி வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைத் தமிழுலகுக்கு அறிவித்து, 1966இல் கோலாலம்பூரில் அதன் நிழற்படப் பதிப்பை வெளிக்கொணர்ந்தவரும் அவரே. அகராதி செய்து, அதன் அச்சைக் காணாது மறைந்த துறவிக்கு, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு குரு செய்த கைம்மாறு அது.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

இவ்வரலாறு நமக்குச் சில நடைமுறைகளைக் கற்றுத் தருகிறது. ஒரு நாளில் முப்பது சொற்களை விழுங்குவதை விட, ஐந்து சொற்களை வேரோடும் இனத்தோடும் அறிந்து, ஒவ்வொன்றையும் தம் வாழ்வைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் எழுதுவது மேல். ஆங்கில நூல் ஒன்றை எளிமையானதாகத் தேர்ந்து முழுவதும் படிப்பது, பத்துச் சொற்பட்டியல்களை விட மேல். தமிழில் ஒரு கருத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனே அதை ஆங்கிலத்திலும் சொல்வான். பவணந்தியார் சொன்ன கதிர் மதியே ஆகும். அந்த மதி கூர்மை பெறுவது தாய்மொழியில். கதிர் இல்லாமல் எந்த நாட்டுப் பஞ்சும் நூலாகாது.

நம் பங்குகளில் மாலை நேரப் படிப்பகங்கள் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு. ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றை வாங்கி வைக்கும் வசதியும் உண்டு. வாரத்தில் இரண்டு மாலைகள் பத்துப் பிள்ளைகள் கூடி, ஒரு பக்கத்தை உரக்கப் படித்து, அறியாத சொற்களைச் சேர்ந்து தேடினால் போதும். ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கும் கம்பானியன் என்னும் சொல், இலத்தீனில் 'உடன்' என்பதும் 'அப்பம்' என்பதும் சேர்ந்து உருவானது. அப்பத்தைச் சேர்ந்து உண்பவனே தோழன். தமிழிலும் 'சொல்' என்பதற்கு நெல் என்னும் பொருள் உண்டென நிகண்டுகள் கூறும். பீடத்தில் ஒரே அப்பத்தைப் பகிரும் நாம், ஆலைத் தொழிலாளியின் பிள்ளையோடு சொல்லையும் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்னரே இதைப் பற்றிப் பங்குப் பேரவைகள் கூடிப் பேசுதல் நலம்.